தடைக்காலத்து விழாக்கள்: சேதுக் கரைப் பயணக் குறிப்புகள்

திங்கட்கிழமை, இராமநாதபுரம்

வைகாசியிலோ ஆனியின் தொடக்கத்திலோ வரும் வளர்பிறைத் தசமியை ஒட்டி, இராமேசுவரத்தில் இராமலிங்கப் பிரதிஷ்டை விழா மூன்று நாள் நடக்கிறது. முதல் நாள் இராவண சம்காரம், மறுநாள் விபீடணர் பட்டாபிஷேகம், அதற்கடுத்த நாள் இலிங்கப் பிரதிஷ்டை என்பது முறை. ஆண்டுதோறும் இவற்றில் ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு, மதுரையிலிருந்து விடியலில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். இவ்வாண்டு எனக்கு விடுப்பு வாய்த்ததால், இராமநாதபுரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி மூன்று நாளையும் வரிசை குலையாமல் பார்ப்பது என்றும், கண்டதை அன்றன்றே எழுதிவிடுவது என்றும் முடிவு செய்தேன். சித்தப்பா அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விழாவுக்குப் போகுமுன் அரண்மனைச் சுவர்களைப் பார்த்தாக வேண்டும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர்.

அந்த அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசம் என்னும் கொலுமண்டபம் இன்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய கட்டடம் இது. ஓரியூரில் கிறித்தவத் துறவி அருளானந்தரின் தலையை 1693இல் வெட்டுவித்தவரும், கீழக்கரை வள்ளல் சீதக்காதியைத் தம் அவையில் பெருமைப்படுத்தியவரும் இவரே என்பதை நினைக்கும்போது, ஒரே ஆட்சிக்குள் எத்தனை முரண்கள் அடங்கிக் கிடந்தன என்று வியக்கத் தோன்றுகிறது. சுவர் ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை. அதாவது 18ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியைச் சேர்ந்தவை.

உயரமான மேடை மேல் ஏறி உள்ளே சென்றால், தூண் வரிசைகளுக்கு நடுவே முதலில் கண்ணை நிறைப்பது செங்காவி நிறந்தான். தஞ்சை மராட்டியருடன் நடந்த போர் ஒரு சுவரில். தொப்பியணிந்த ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சி வேறோரிடத்தில். இராசராசேசுவரி அம்மன் செங்கோல் வழங்க அவர் பெற்றுக்கொள்ளும் காட்சி இன்னோரிடத்தில். இவற்றுக்கிடையே பாகவதமும் இராமாயணமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. காட்சிகளின் அடியில் இன்னது இன்னதென்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா கைவிளக்கின் ஒளியைச் சுவருக்கு நேரே காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். அப்போதுதான் வண்ணம் உதிர்ந்த இடங்களில்கூட, ஓவியன் முதலில் இழுத்த கோட்டின் தடம் தெரிந்தது. குதிரையொன்றின் முன்னங்கால் முதலில் வேறு நிலையில் வரையப்பட்டு, பிறகு திருத்தப்பட்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

“இந்த ஆளு திருத்தினத மறைக்கல பாரு தம்பி. ராசா பாக்குற சுவருன்னு பயந்திருந்தா, முழுசா பூசி மெழுகிட்டுப் போயிருப்பான்” என்றார் சித்தப்பா.

சேதுபதி என்னும் பட்டமே சேதுவைக் காப்பவர் என்ற பொறுப்பிலிருந்து பிறந்தது. இராமன் கட்டிய அணையைக் காவல் செய்வதாகச் சொல்லிக்கொண்ட மரபினர், அந்தக் கதையைத் தம் கொலுமண்டபச் சுவரில் எழுதிக்கொண்டதிலும், இராமேசுவரம் கோயிலுக்குப் பிரகாரம் பிரகாரமாகத் திருப்பணி செய்ததிலும் பக்தியோடு அரசியலும் கலந்தே இருந்தது. சுவரில் இராமனுக்குப் பக்கத்திலேயே தம்மையும் எழுதிக்கொண்டவர்கள் அல்லவா?

மாலையில் திருப்புல்லாணி வரை போய்வந்தோம். கடலிடம் வழி கேட்டு இராமன் தருப்பைப் புல்லின்மேல் கிடந்த திருக்கோலம் ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தனிச் சந்நிதியாக உள்ளது. அம்பெடுத்துப் போர் தொடுப்பதற்கு முன் கெஞ்சிக் கேட்டுப் பார்த்த இராமனை அங்கே காணலாம். நாங்கள் பார்க்கவிருக்கும் விழாவின் முகவுரை அதுதான் என்று எண்ணிக்கொண்டேன். வெயில் தாழ்ந்தும் அனல் குறையவில்லை. திரும்பும் வழியில் நுங்கு வாங்கித் தின்றோம்.

செவ்வாய்க்கிழமை, தேவிபட்டினத்துக்கு வடக்கே

இராமேசுவரத்தில் விழா நாளைதான் தொடங்குகிறது. இடையில் ஒரு நாள் இருப்பதால், தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி நடக்கும் நாடகத்துக்கு வந்திருக்கிறோம். சித்தப்பாவிடம் படித்த மாணவர் ஒருவர் இவ்வூர் விழாக் குழுவில் இருக்கிறார். “சார், ஒருநாள் ராத்திரியாச்சும் நம்ம ஊருல தங்கணும்” என்று அவர் ஆண்டுதோறும் அழைப்பாராம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விதிக்கப்பட்ட தடை இது. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை என்றாலும், கரையோர ஊர்களின் வரவுசெலவு இந்த இரு மாதங்களில் பெரிதும் முடங்கிவிடுகிறது. நிவாரணத் தொகை ஒரு குடும்பத்துக்குப் போதாது என்ற குறையை எந்த ஊருக்குப் போனாலும் கேட்கலாம். ஆனால் இதே காலத்தில்தான் ஆண்கள் அனைவரும் கரையில் இருக்கிறார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை கரையோர ஊர்களில் அடுத்தடுத்துக் காப்புக் கட்டும் ஒலி கேட்பதற்குத் தொன்றுதொட்ட கோயில் மரபே காரணம் என்றாலும், விடிய விடிய உட்கார்ந்து ஒரு நாடகத்தைப் பார்க்கும் கூட்டம் இன்றும் கூடுவதற்கு இந்தத் தடைக்காலமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். விடியற்காலையில் வலைக்குப் போக வேண்டியவன் வள்ளியின் தர்க்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

பகலில் படகுகளைப் பார்த்தோம். கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திய மரப்படகுகளில் பலகை இடுக்குகளைச் சுரண்டி, பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகின் முகப்பில் பெயர் எழுதும் வேலை நடந்தது. எழுதுபவருக்கு ஐம்பது வயதிருக்கும். சுண்ணாம்புத் தூள் பூசிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட, பலகையில் நேர்க்கோடு விழுந்தது. அந்த இரு கோடுகளுக்கிடையே முன்வரைவு எதுவுமின்றி, தட்டைத் தூரிகையால் ஓர் எழுத்தை மூன்றே இழுப்பில் முடித்தார். பலகையின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வோர் எழுத்தையும் சற்றே சாய்த்துக்கொண்டே போனார். விலகி நின்று பார்த்தால் எல்லா எழுத்தும் நிமிர்ந்து நின்றன. சித்தப்பா நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணே, பிரஷ்ஷ எங்க வாங்குறீங்க?” என்று மட்டும் கேட்டார். “கடையில வாங்குறதுதான் சார். முனைய நானே வெட்டிக்குவேன்” என்று பதில் வந்தது. பிளெக்ஸ் பலகை வந்த பிறகு ஊருக்குள் எழுத்து வேலை போய்விட்டதாகவும், படகுகள் மட்டுந்தான் தமக்குச் சோறு போடுவதாகவும் அவர் சொன்னார். உப்புக்காற்றுக்கும் அலைக்கும் பிளெக்ஸ் தாங்காது அல்லவா?

இரவு எட்டு மணிக்குப் பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். இருட்டறையில் வளர்த்த பயிர் ஆதலால் முளை வெளிறிய மஞ்சளாகவே இருக்கிறது. குழல்விளக்கின் ஒளியில் அந்த நிறம் இன்னும் வெளிறித் தெரிந்தது. நடுவயதுப் பெண் ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். பள்ளிச் சிறுமிகள் வெளிவட்டத்தில் அடி பிந்தி ஆடியதும், உள்வட்டத்தில் இருந்த கிழவி ஒருத்தி பாட்டை நிறுத்தாமலே கண்ணால் அவர்களை அதட்டியதும் பார்க்க வேண்டிய காட்சிகள்.

பத்தரை மணிக்கு மேல் நாடகம் தொடங்கியது. வள்ளி திருமணம். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை வட்டாரத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் இந்த மரபில் குழு என்று நிலையாக ஒன்று கிடையாது. நாயகனாகிய இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகியாகிய ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், நாரதர் மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. 1867இல் தூத்துக்குடியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த நாடகமும் பாடல்களும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், மேடையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்தித்தாலும் ஆட்டம் நடந்துவிடுகிறது. பள்ளிக்கூடத் திண்ணையில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்த வள்ளியிடம், அவ்வழியே போன ஆர்மோனியக்காரர், “என்னம்மா, அஞ்சு கட்டையா?” என்று சுருதியைக் கேட்டார். “இன்னைக்கித் தொண்டை சரியில்லண்ணே, நாலரையில வச்சுக்குங்க” என்றார் அவர். அன்றைய ஒத்திகை அவ்வளவுதான்.

பபூனும் நடனக்காரப் பெண்ணும் வந்து போன முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. இரட்டைப் பொருள் பேச்சு முன்பும் இருந்ததுதான். ஆனால் இப்போது சினிமாப் பாட்டுக்கு ஆடும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. கூட்டத்தின் பாதி அதற்காகவே வந்ததென்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பாதி, நாரதர் வந்து நின்றதும் தேநீர்க் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டது. பாய் விரித்துக் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்த பெண்களும், துண்டை விரித்துப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த முதியவர்களும் எஞ்சினார்கள். உண்மையான நாடகம் அவர்களுக்குத்தான் நடந்தது.

தினைப்புனத்தில் பரண் மீது நின்று ஆலோலம் பாடும் வள்ளியிடம் நாரதர் வந்து வாதம் தொடங்குகிறார். முருகனைப் பற்றிச் சொல்லி அவள் மனத்தை அசைப்பது அவர் வேலை. அசைந்தாலும் அசையாதவள்போல் எதிர்வாதம் செய்வது அவள் வேலை. இந்தத் தர்க்கத்துக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. புராணத்திலிருந்தும் பழமொழியிலிருந்தும் அன்றைய செய்தியிலிருந்தும் எதையும் எடுத்து வீசலாம். எதிராளி அதே மூச்சில் பதில் சொல்லியாக வேண்டும். நாரதர், பெண்ணுக்குக் காவல் எது என்று கேட்டு நீளமாகப் பேசி முடித்தபோது, வள்ளி நிதானமாக, “கவண் இருக்கிறது சுவாமி, கல்லும் இருக்கிறது, தாங்கள் நிற்கும் தூரமும் எனக்குத் தெரிகிறது” என்றார். பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. நாரதராக வந்தவரும் சிரித்துவிட்டார். பிறகு அந்தச் சிரிப்பையே பாத்திரத்தின் சிரிப்பாக மாற்றிப் பாட்டுக்குள் நுழைந்தார். ஒத்திகை பார்த்த நாடகத்தில் இப்படியொரு நொடி வாய்க்காது.

இடையிடையே அன்பளிப்பு அறிவிப்புகள் வந்து பாட்டை வெட்டின. இன்னாருடைய பேரன் நூறு ரூபாய், இன்னார் குடும்பத்தார் சால்வை என்று ஒலிபெருக்கியில் சொல்லாவிட்டால் ஊரில் மனத்தாங்கல் வரும். வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தனாகவும் முருகன் மாறி மாறி வந்து, யானையைக் கண்டு வள்ளி அஞ்சி அணைந்து, திருமணம் முடியும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. அப்போது விழித்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் மாலை மாற்றும் காட்சிக்கு யாரோ ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பினார்கள். அதைப் பார்க்காமல் தூங்குவது ஆகாது என்பது இங்குள்ள நம்பிக்கை.

புதன்கிழமை, இராமேசுவரம்

இரவு முழுவதும் விழித்திருந்ததால் இரயிலில் பெரும்பகுதி தூங்கிவிட்டேன். பாம்பன் வந்ததும் சித்தப்பா தட்டி எழுப்பினார். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய பாலத்தை இணையாக விட்டுவிட்டு, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேல் இரயில் போகிறது. பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிளந்து மேலெழும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக உயர்கிறது. பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்து போன வேகத்தில் கடலைப் பார்க்க நேரம் இருந்தது. இப்போது அது குறைந்துவிட்டது என்பது மட்டும் என் மனக்குறை.

பகலில் வெளிப்பிரகாரத்தில் நடந்தோம். உலகம் முழுவதும் படத்தில் பார்த்த இடம் என்பதால் வர்ணிப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த இப்பிரகாரத்தில், மேற்கு வாயில் பக்கம் அவருடைய உருவச்சிலையும் நிற்கிறது. தூண்களின் மீது அண்மைக்காலத்தில் பூசிய பளபளக்கும் வண்ணங்களைப் பற்றிச் சித்தப்பா சொன்னவை அச்சிடத் தக்கவை அல்ல. திங்களன்று பார்த்த செங்காவியை மறக்காமல் இங்கே வந்தால் யாருக்கும் அந்தக் கோபம் வரும்.

மாலையில் மேளதாளத்துடன் இராமர் புறப்பாடு. திட்டக்குடிப் பக்கம் துர்க்கை அம்மன் கோயிலுக்கு முன்னே இராவண சம்காரம் நடக்கிறது. மேடையோ திரையோ நுழைவுச்சீட்டோ கிடையாது. பேருந்து வரும் தெருதான் இலங்கை. பாசிமணிக் கடைகளும் சங்குக் கடைகளும் பாதி சாத்திய நிலையில், கடைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். இராமேசுவரத்துக்கு வந்த வடநாட்டு யாத்திரிகர் கூட்டம் ஒன்று என்ன நடக்கிறதென்று தெரியாமலே கைகூப்பி நின்றது. ஒருவர் விளக்கிச் சொன்னதும் அவர்கள் முழங்கிய முழக்கத்தில் நாகசுரம் கேட்கவில்லை. சண்டை என்று சொல்லும்படி நீண்ட காட்சி எதுவும் இல்லை. எதிரும் புதிருமாகச் சில முறை முன்னேறிப் பின்வாங்கியதும், தவில் உச்சத்துக்குப் போக, குருக்கள் கையால் இராமபாணம் பாய்கிறது, இராவணன் வதம் முடிந்துவிடுகிறது, தீபாராதனை நடக்கிறது.

எனக்கு இதில் எப்போதும் ஓர் ஏமாற்றம் இருந்ததுண்டு. ஒரு நாள் பயணமாக இந்த நாளைத் தேர்ந்த ஆண்டுகளில், இவ்வளவுதானா என்று திரும்பியிருக்கிறேன். திருச்செந்தூர்ச் சூரசம்காரத்தைக் கண்ட கண்ணுக்கு இது மிகச் சிறியது. அதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, “மிச்சத்தையும் பாத்துட்டுப் பேசுப்பா” என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, கோதண்டராமர் கோயில்

காலையில் இராமர், சீதை, இலக்குவன், அனுமன் ஆகியோர் கோயிலை விட்டுப் புறப்படுகிறார்கள். சுவாமி வெளியே எழுந்தருளும் நாள் என்பதால் கோயில் நடை சாத்தப்படுகிறது. அது தெரியாமல் தொலைவிலிருந்து வந்தவர்கள் வாயிலில் நின்று தவித்தார்கள். விழா நாட்களில் வருகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

தனுஷ்கோடிச் சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், இருபுறமும் நீர் சூழ்ந்த திட்டில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்து, பயணிகளோடு ஓர் இரயிலும் கடலுக்குள் போனபோது, இக்கோயில் மட்டும் தப்பி நின்றது. இலங்கையை விட்டு வந்த விபீடணன் இராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் இதுவென்று சொல்கிறார்கள். கருவறையில் இராமனோடு விபீடணனும் கைகூப்பிய நிலையில் நிற்கிறான். தமையனை விட்டு வந்தவனுக்குக் கருவறையில் இடம் கொடுத்த கோயில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மண்டபத்தின் நிழலுக்கும் வெளியே கொளுத்திய வெயிலுக்கும் இடையே பெருங்கூட்டம் நெருக்கியது. பட்டாபிஷேகம் எளிமையாக நடந்தது. இராமர் முன்னிலையில் விபீடணருக்கு அபிஷேகமும் அலங்காரமும் நடந்து முடி சூட்டப்பட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற மீனவப் பெண் ஒருவர், இடுப்பில் இருந்த குழந்தையிடம், “அந்தா பாரு, தம்பிக்குக் கிரீடம் வைக்கிறாங்க” என்று காட்டினார். யாருக்குத் தம்பி என்று அவர் சொல்லவில்லை. நேற்றுத் தெருவில் வதைபட்டவனின் தம்பிதானே இவன்! இரண்டு நாளையும் தொடர்ந்து பார்க்கும்போதுதான் இந்த உறவு உறைக்கிறது. கொன்ற மறுநாளே கொல்லப்பட்டவனின் வீட்டிலிருந்து ஒருவனை அழைத்து முடி சூட்டுகிறார்கள். வென்ற நிலத்தை வென்றவன் எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அரிச்சல்முனை வரை போய்வந்தோம். 2017இல் திறந்த சாலை இப்போது நுனி வரை செல்கிறது. இடிந்த தேவாலயத்தின் முன்னே பாசி மாலை விற்பவர்களும் நுங்கு வெட்டுபவர்களும் நிறைந்திருந்தார்கள். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்த பெரியவர், “இன்னும் பத்து நாளுதான்யா, அப்புறம் பாளை வத்திரும்” என்றார். இந்தக் கரையின் பருவங்களைப் பஞ்சாங்கத்தைக் காட்டிலும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது. சித்தப்பா அந்த ஓலைப்பட்டையை மடித்த முறையை இரண்டு முறை பிரித்துப் பார்த்து, மூன்றாம் முறை தாமே மடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, இராமேசுவரம்

பிரதிஷ்டை நிகழ்ச்சி கோயிலுக்குள்ளேயே நடக்கிறது. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். புலத்தியர் மரபில் வந்த இராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் நீங்கச் சிவனை வழிபட இராமன் விரும்புகிறான். இலிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் வரத் தாமதமாகிறது. நல்ல நேரம் தவறாதபடி சீதை கடல் மணலால் பிடித்த இலிங்கத்தை நிலைநாட்டிவிடுகிறார்கள். கயிலையிலிருந்து திரும்பிய அனுமன் கோபம் கொண்டு மணல் இலிங்கத்தை வாலால் பெயர்க்கப் பார்த்துத் தோற்கிறான். அவனைத் தேற்றுவதற்காக, அவன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூசை என்று இராமன் ஏற்பாடு செய்கிறான். இன்றும் அந்த முறை மாறவில்லை.

நாகசுர ஒலிக்கிடையே, அனுமன் வேடம் பூண்ட குருக்கள் இலிங்கத்தைச் சுமந்து வந்தார். வேடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவர் வந்த நடையில் ஒரு விரைவும் பதற்றமும் இருந்தன. தாமதமாக வருகிறவனின் நடை அது. முந்தைய நாடக இரவில் தேர்ந்த நடிகர்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் அந்தப் பதற்றத்தைக் கொண்டுவந்தது வியப்பாக இருந்தது. “எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் கொடுக்க முடியாது” என்று சித்தப்பா காதருகே சொன்னார். பிறகு மூலவர் சந்நிதியில் அபிஷேகமும் தீபாராதனையும் நடந்தன. கூட்டம் புதன்கிழமைக் கூட்டத்தில் பாதிகூட இல்லை.

புதன்கிழமை எனக்கிருந்த ஏமாற்றம் இங்கே நீங்கியது. வடநாட்டில் தசராவன்று இராவணன் உருவத்தை எரிப்பதோடு கொண்டாட்டம் முடிந்துவிடுகிறது. சூரசம்காரத்துக்கு மறுநாள் திருக்கல்யாணம். இங்கேயோ, வென்றவன் தான் செய்த கொலைக்குக் கழுவாய் தேடி மணலைப் பிடித்து வைத்து வணங்குவதுதான் விழாவின் முடிவு. அதுவே ஊருக்குப் பெயரும் கொடுத்திருக்கிறது. சம்காரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் அது சிறியதாகத்தான் தெரியும். அது சிறியதாக இருக்க வேண்டும் என்றே வைத்தார்கள்போலும். மூன்று நாளில் மிகக் குறைந்த கூட்டம் கடைசி நாளுக்கு வருவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு நாள்தான் வாய்க்கும் என்பவர்கள் இந்த நாளுக்கு வரலாம்; வடக்கு வாசல் பக்கம் நெரிசலும் குறைவு.

திரும்பும் பேருந்தில் அடுத்த ஆண்டைப் பற்றிய பேச்சு வந்தது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு இவ்வாண்டு மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. இஸ்லாமிய நாட்காட்டியின் துல்கஅதா மாதத்தில் வரும் அந்த விழா பிறைக் கணக்கைப் பின்பற்றுவதால், நம் நாட்காட்டியில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் வெயிலில் பார்த்ததை வரும் ஆண்டு மே முதற்பாதியிலேயே பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் சில ஆண்டுகளில் அது கோடையை விட்டே விலகிப் பங்குனி, மாசி என்று போய்விடும். சேதுபதிகள் நிலக்கொடை வழங்கிப் போற்றிய தர்கா அது. விடியற்காலையில் மின்விளக்கு ஒளியில் வரும் கூடும், முன்னால் தஃப் அடித்துப் பாடும் பக்கீர்களும், இந்தக் கரையின் கோடைக் கலைகளில் விட்டுவிடக் கூடாதவை.

“அப்ப அடுத்த வருஷம் மே மாசத்துக்கே லீவு எழுதிக் குடுத்துரு. ஏர்வாடிக்கு ராத்திரியே போயிரணும், காலையில போனா ஒண்ணும் தெரியாது” என்றார் சித்தப்பா. உச்சிப்புளி தாண்டுவதற்குள், எந்தத் தெரு முனையில் நின்றால் கூடு திரும்புவது முழுதாகத் தெரியும் என்பதைப் பயணச்சீட்டின் பின்புறத்தில் வரைந்தும் கொடுத்துவிட்டார்.